வெட்டுறது வீட்டுல, மடிக்கிறது வழில: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்வில முக்காவாசி ஒரே விஷயம்தான். பேப்பர் கிராஃப்ட விடவும் முடியல, ஊர் சுத்தவும் ஆசை, கூட வர்றவங்க மூஞ்சியும் சுருங்கக் கூடாது. நானும் இந்த மூணுக்கும் நடுவுல பத்துப் பன்னெண்டு வருஷமா மாட்டிக்கிட்டு முழிக்கிறவதான், அதனால புத்திமதியா எடுத்துக்காதீங்க, பட்டவ சொல்றான்னு வெச்சுக்கோங்க.

கேள்வி: அக்கா, எங்க கிளம்பினாலும் என் கிராஃப்ட் சாமான் மட்டுமே ஒரு பை ஆயிடுது. பஞ்ச், கட்டர், கம், கார்ட்ஸ்டாக்னு சொல்ற கெட்டி அட்டைத் தாள்னு எல்லாம் தூக்கிட்டுப் போறேன், ஆனா போன தடவ ஒரு வாரத்துல அந்தப் பையோட ஜிப்ப கூட தொறக்கல. வீட்டுல ஒரே கிண்டல். எதத்தான் எடுத்துட்டுப் போறது, எத விடுறது?

பதில்: ஜிப்ப தொறக்கலைல, நீங்க தப்பிச்சீங்க. நான் தொறந்தேன். மொத மொதல்ல ஃப்ளைட்ல போனப்போ பாதி காலியான கம் பாட்டில அப்படியே போட்டு கொண்டு போயிருந்தேன். மேல போனதும் விமானத்துக்குள்ள காத்தோட அழுத்தம் கொறஞ்சுடும், ஆறாயிரம் எட்டாயிரம் அடி மலை மேல நிக்கிற மாதிரி. பாட்டிலுக்குள்ள இருக்கற காத்து விரிஞ்சு கம்ம மூக்கு வழியா தள்ளிடுச்சு. இறங்கி பைய தொறந்தா 40 கார்ட்ஸ்டாக் ஒரே செங்கல்லு. அதுக்கு முன்னாடியே செக்யூரிட்டில என் கட்டர எடுத்துக்கிட்டாங்க, தப்பு என் மேலதான், கைப்பைல போட்டிருந்தேன். அன்னிக்கு வந்த ஞானம் இதுதான்: வெட்டுறது ஒட்டுறது எல்லாம் வீட்டுல, வழில மடிக்கிறதும் சேக்குறதும் மட்டும்.

இத ஒத்துக்கிட்டீங்கன்னா பை தானா சின்னதாயிடும். 15 சென்டிமீட்டர் சதுர ஓரிகாமி பேப்பர், அதான் தாள் மடிக்கிற கலைக்குன்னே வர்றது, 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் 70 கிராம்), அதுல 100 தாள் வெச்சாலும் 160 கிராம் கூட வராது. அதே ஏ4 அளவுல 250 ஜிஎஸ்எம் கார்ட்ஸ்டாக் 50 எடுத்தா முக்கால் கிலோவ தாண்டும், அதுவும் கத்தி இல்லாம ஒண்ணுத்துக்கும் ஆகாது. நான் இப்ப எடுத்துட்டுப் போறது: அந்த சதுர தாள், அது கசங்காம இருக்க ரெண்டு பக்கமும் கெட்டி அட்டை வெச்சு ஒரு ரப்பர் பேண்ட், ஒரு க்ளூ ஸ்டிக், சின்னதா மொட்டை முனை கத்திரிக்கோல், ஒரு பென்சில், நாலஞ்சு காலி கவர். அவ்வளவுதான். மடிப்ப அழுத்தித் தேய்க்கிற எலும்புப் பட்டை (bone folder) இல்லனா நகம் இருக்கு, ஸ்பூனோட முதுகு இருக்கு.

ஃப்ளைட்டுல போறவங்களுக்கு மட்டும் ரெண்டு வார்த்தை. கட்டர் பிளேட கைப்பைல விட மாட்டாங்க, பெரிய பெட்டில போட்டு செக்-இன் பண்ணிடுங்க, முனைய அட்டையால நல்லா சுத்தி. கத்திரிக்கோலுக்கு ஊருக்கு ஊர் அளவு வேற, அமெரிக்கால நடு திருகுல இருந்து 4 இன்ச்சுக்குள்ள இருந்தா விடுவாங்க, ஐரோப்பால 6 சென்டிமீட்டர்தான், கடைசில அந்த செக்கிங்ல நிக்கிற ஆள் என்ன சொல்றாரோ அதுதான் சட்டம். அதனால தாத்தா காலத்து கத்திரி, ஆசையா வாங்கின கத்திரி எல்லாம் வீட்டுலயே இருக்கட்டும். திரவ கம் 100 மில்லிக்கு மேல கைப்பைல வேண்டாம். க்ளூ ஸ்டிக், டபுள் சைட் டேப்னு மாறிட்டா இந்தத் தலவலி பாதி போச்சு.

கேள்வி: ரெண்டு வருஷம் முன்னாடி போன ட்ரிப்போட டிக்கெட், பில் எல்லாம் ஸ்க்ராப்புக்ல ஒட்டி வெச்சேன். இப்ப பாத்தா வெறும் வெள்ளத் தாள், ஒரு எழுத்து இல்ல. இன்னொண்ணு பத்திரமா இருக்கட்டும்னு லேமினேட் பண்ணக் குடுத்தேன், மொத்தமா கருத்துப் போயி வந்துச்சு. ஏன் இப்படி?

பதில்: அய்யோ, இந்த துக்கம் எனக்கும் உண்டு. அது மை வெச்சு அடிச்சது இல்லீங்க, தெர்மல் பேப்பர். தாள் மேல பூசியிருக்கற ரசாயனத்துல சூடு பட்ட இடம் கருப்பாகும், அந்தக் கருப்புதான் நீங்க படிச்ச எழுத்து. வெளிச்சம், வெக்கை, ஈரப்பசை, கைல இருக்கற எண்ணெய், சில டேப்போட பசை, வளையுற பிளாஸ்டிக் கவர், இதுல எது பட்டாலும் மெதுவா மங்கிடும். லேமினேட் மெஷின் சூட்டுலதான் ஒட்டும், அப்ப மொத்தத் தாளும் "நானும் எழுத்துதான்"னு கருத்துடும்.

கண்டுபிடிக்க சுலபம், ஓரத்துல நகத்தால சரக்குனு ஒரு கீறு கீறிப் பாருங்க, உரசின சூட்டுக்கே கோடு விழுந்தா தெர்மல். அப்படிப்பட்டத அன்னிக்கு ராத்திரியே போன்ல நேரா வெச்சு ஒரு போட்டோ எடுத்துருங்க, ஊருக்கு வந்து சாதா தாள்ல பிரிண்ட் போட்டு அத ஒட்டுங்க. ஒரிஜினல் வேணும்னா பேப்பர் கவர்ல போட்டு இருட்டா வைங்க. மங்கிப் போனத என்ன பண்றதுன்னா, அந்த வெள்ளத் தாள் மேலயே பென்சில்ல என்ன டிக்கெட்டுனு எழுதிடுங்க, நான் அதத்தான் பண்ணேன், இப்ப எனக்கு அந்தப் பக்கம்தான் ரொம்பப் புடிக்கும்.

கேள்வி: பஸ்ல போறப்ப மடிச்சா தலை சுத்துது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு. எதாவது வழி இருக்கா?

பதில்: மடிக்காதீங்க. கண்ணு கைல இருக்கற அசையாத தாளப் பாக்குது, காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்பு வண்டி ஆடுதுன்னு சொல்லுது, ரெண்டும் ஒத்துப் போகலனா வயித்துக்குதான் சண்டை. ரயில் ஆட்டம் கொஞ்சம் கம்மி, அதுல முயற்சி பண்ணுங்க. பஸ் நிக்கிற எடத்துல மடிங்க, ஓடுறப்ப ஜன்னல்ல தூரமா பாருங்க.

கேள்வி: "ஊர் பாக்க வந்தமா, நீ பேப்பர் கிழிக்கிறதப் பாக்க வந்தமா"னு என் வீட்டுக்காரர் கேக்குறார். எனக்கு இருக்கறதே இந்த ஒரு ஹாபி. அதையும் விட்டுட்டா நான் என்ன ஆவேன்? கோவமா வருது.

பதில்: கோவப்படுங்க, ஆனா அவர் சொல்றதுல பாதி நியாயம் இருக்குதும்மா. சாயங்காலம் எல்லாரும் வெளில கிளம்பி நிக்கிறப்ப "இரு இரு இந்த ஒரு மூலைய முடிச்சுக்கறேன்"னு நான் எத்தன தடவ சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியும், அந்த ஒரு மூலை முக்கால் மணி நேரம் ஆகும், சூரியன் அதுக்குள்ள எறங்கிடும். இப்ப எனக்கு நானே போட்டுக்கிட்டது 20 நிமிஷம், அதுவும் மத்தவங்க குளிக்கிற நேரம் இல்லனா தூங்குற நேரம். போன்ல அலாரம். அடிச்சா மடிச்சது மடிச்சபடி கவருக்குள்ள.

மீதிப் பாதிக்கு நான் பண்ணது ஒரு சின்ன சூழ்ச்சி. என் வீட்டுக்காரருக்கு பூ, கொக்கு, வாழ்த்து அட்டை இதெல்லாம் சுத்தமா புடிக்காது, ஆனா எதுவும் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாகணும். ஒரு ட்ரிப்ல மேப்ப திருப்பி மடிக்க முடியாம மல்லாடிக்கிட்டு இருந்தார், சாதாரண மடிப்புல எந்த மடிப்பு முன்னாடி எது பின்னாடினு ஒரு தடவ தப்பினா தாளே மக்கர் பண்ணும், மடிப்பும் மடிப்பும் சந்திக்கிற மூலைல ஓட்டையும் விழும். அப்ப மியூரா மடிப்ப காமிச்சேன். கோர்யோ மியூராங்கற ஜப்பான் விண்வெளி விஞ்ஞானி கண்டுபிடிச்சது. விண்வெளில சோலார் பேனல எப்படி சின்னதா மடிச்சு அனுப்பி அங்க போயி ஒரே இழுப்புல விரிக்கிறதுங்கறதுதான் அவரோட கவலை, 1995ல ஜப்பான் அனுப்பின ஸ்பேஸ் ஃப்ளையர் யூனிட்ங்கற விண்கலத்துல இந்த மடிப்பதான் வெச்சு அனுப்பினாங்க.

செய்யறது இப்படி. தாள நீளவாக்குல விசிறி மாதிரி அஞ்சு பட்டையா மடிங்க. அப்படியே அந்த ஒல்லிப் பட்டைய குறுக்க மடிக்கணும், ஆனா நேர்க்கோட்டுல இல்ல, லேசா சாய்ச்சு, அடுத்தது எதிர்ப்பக்கமா திருப்பி, ஆனா கோடு மொத கோட்டுக்கு இணையா, இப்படி வளைஞ்சு வளைஞ்சு கடைசி வரைக்கும். முழுசா பிரிச்சா கோடெல்லாம் சாய்ஞ்ச கட்டமா தெரியும். இப்ப குறுக்கால போற வளைஞ்ச கோடு ஒண்ணு முழுக்க மேடு, அடுத்தது முழுக்க பள்ளம்னு மாத்தி மாத்தி கிள்ளி விட்டுட்டே வாங்க, ஒரு கட்டத்துல தாள் தானா உயிர் வந்த மாதிரி சுருங்கும். எதிர் எதிர் மூலைய புடிச்சு இழுத்தா விரியும், தள்ளினா மூடும். அவர் அத இழுத்து மூடி இழுத்து மூடி ஒரு மணி நேரம் பேசவே இல்ல. அலாரம் அடிச்சும் எந்திரிக்கல. அதுக்கப்புறம் கிண்டல் பாதி கொறஞ்சுது, மொத்தமா நின்னுதுன்னு பொய் சொல்ல மாட்டேன்.

கேள்வி: நான் அப்பா. எங்க வீட்டுல பேப்பர் வேலை எல்லாம் என் டிபார்ட்மெண்ட், மனைவிக்கு அதுல நாட்டம் இல்ல. பெரியவளுக்கு 9, சின்னவனுக்கு 4. ரயில்ல ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சு எதாவது செய்ய வெச்சா அவ செஞ்சத இவன் கிழிக்கிறான், அவ அழறா, பெட்டியே எங்களப் பாக்குது. ரெண்டு பேருக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒண்ணு சொல்லுங்க.

பதில்: ஒத்து வர்ற மாதிரி ஒண்ணு கிடையாதுங்க, அத தேடுறதுதான் சண்டைக்கு காரணம். நாலு வயசுல கிழிக்கிறதுதான் வேலை, அவனுக்கு அத அதிகாரபூர்வமா குடுத்துடுங்க. பழைய மேகஸின், பேப்பர் கவர், டிஷ்யூ எது கெடச்சாலும் கிழிக்கட்டும், கிழிச்சத ஒரு அட்டைல க்ளூ ஸ்டிக் தேச்சு ஒட்டட்டும், ஜன்னல்ல பச்சையா தெரிஞ்சா பச்சைத் துண்டு, தண்ணி தெரிஞ்சா நீலத் துண்டு. ரயில் போற வழி முழுக்க அந்த அட்டைல வந்துடும், எங்க சின்னவன் செஞ்ச ஒண்ணுல நடுவுல ஒரு பெரிய கருப்புத் துண்டு இருக்கும், சுரங்கப் பாதையாம்.

ஒம்பது வயசுப் பொண்ணுக்கு ஒரே தாள்ல எட்டுப் பக்க புத்தகம் சொல்லிக் குடுங்க. ஏ4 தாள நீளவாக்குல பாதியா மடிச்சு பிரிங்க. அப்புறம் அகலத்துல பாதியா மடிங்க, பிரிங்க, ரெண்டு ஓரத்தையும் நடுக்கோடு வரைக்கும் கொண்டு வந்து மடிங்க, பிரிச்சா எட்டு கட்டம் இருக்கும். இப்ப மறுபடி அகலத்துல பாதியா மடிச்சு, மூடின ஓரத்துல இருந்து நடு மடிப்பு வழியா அடுத்த மடிப்பு வரைக்கும் மட்டும் ஒரு வெட்டு, மொத்த வேலைலயும் கத்திரி அந்த ஒரு இடத்துலதான். இங்கதான் பசங்க அவசரப்பட்டு கடைசி வரைக்கும் வெட்டிடுவாங்க, மொத ரெண்டு தடவ நீங்க கைய புடிச்சுக்கோங்க. பிரிச்சு, நீளவாக்குல மடிச்சு, ரெண்டு முனையையும் புடிச்சு உள்ள தள்ளினா நடுவுல வாய் தொறந்து கூட்டல் குறி மாதிரி நிக்கும், ஒரு பக்கமா சாய்ச்சு மூடினா புத்தகம். ஒட்டவே வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் 74க்கு 105 மில்லிமீட்டர், அதாவது ஏ7, சட்டைப் பைல போகும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அன்னிக்குப் பாத்த ஒரே ஒரு விஷயம் வரையணும்னு சொல்லிடுங்க.

அப்புறம் முக்கியமா, அவளோட புத்தகத்துக்கு தனியா ஒரு கவர், அவ பேரு போட்டு, தம்பி கை எட்டாத மேல் பெர்த்ல. நியாயம் பேசுறத விட ஒயரம் நல்லா வேலை செய்யும்.

கேள்வி: கடலோர ஊருக்குப் போயிட்டு வந்தேன். கொண்டு போன பேப்பரெல்லாம் அப்பளம் மாதிரி வளைஞ்சுடுச்சு, அங்க ஒட்டின கார்டும் வில்லு மாதிரி நிக்குது. பேப்பர் மட்டமா?

பதில்: பேப்பர் மேல பழி போடாதீங்க. தாள்ல இருக்கற நார் எல்லாம் பெரும்பாலும் ஒரே தெசைல படுத்திருக்கும், மெஷின்ல ஓடி வந்த தெச அது. ஈரக் காத்து பட்டா நார் நீளத்துல அவ்வளவா மாறாது, பருமன்லதான் ஊதும், அதனால தாள் ஒரு பக்கமா மட்டும் விரியும், வளையும். நீங்க ஒட்டின ரெண்டு தாளோட நார் தெச வேற வேறயா இருந்திருக்கும், ஒண்ணு இந்தப் பக்கம் இழுக்க ஒண்ணு அந்தப் பக்கம் இழுக்க, கார்டு வில்லாயிடும்.

தெசய கண்டுபிடிக்க தாள மடிக்காம லேசா வளைச்சு கையால அமுக்கிப் பாருங்க, மொதல்ல நீளவாக்குல, அப்புறம் அகலத்துல. எந்தப் பக்கம் எதிர்ப்பே இல்லாம பொசுக்குனு வளையுதோ, அந்த வளைவோட கோடுதான் நார் போற தெச. கார்டோட மடிப்பு அந்தக் கோட்டோட சேந்து போகணும், எதிரா மடிச்சா மடிப்புல வெள்ளையா வெடிக்கும். ஒட்டுறப்பவும் ரெண்டோட தெசயும் ஒண்ணா வைங்க.

ஈரமான ஊருல இருக்கறப்ப ஒட்டுற வேலையே வேண்டாம், தாள் ஜிப் கவர்ல, கூட ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், பழைய ஷூ டப்பால எல்லாம் சும்மா கெடக்குமே அது. வளைஞ்சு போனத வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கனமான புத்தகத்துக்கு அடில வைங்க, தாள் பெரும்பாலும் நிமிந்துடும். அந்த கார்டு நிமிராது, அதுக்கு நான் பொறுப்பில்ல.

கேள்வி: குடும்பமா சேந்து இந்த லீவு ட்ரிப்ல ஆயிரம் கொக்கு மடிக்கலாம்னு இருக்கோம். பத்து நாள் இருக்கு, நாலு பேர். முடியுமா?

பதில்: கணக்கு போடலாம். கை பழகினவங்களுக்கு ஒரு கொக்குக்கு அஞ்சு நிமிஷம்னு வெச்சா ஆயிரத்துக்கு 83 மணி நேரம். நாலு பேருன்னா ஆளுக்கு கிட்டத்தட்ட 21 மணி நேரம், தெனம் ரெண்டு மணி நேரம் குனிஞ்ச தலை நிமிராம. அது ட்ரிப் இல்லீங்க, ஷிஃப்ட்.

ஆயிரம் கொக்கு மடிச்சா நெனச்சது நடக்கும்னு ஜப்பான்ல ஒரு நம்பிக்கை. ஆயிரம் கொக்குனாலே எல்லாருக்கும் நெனப்பு வர்றது சடாகோ சசாகிங்கற ஜப்பான் பொண்ணுதான். ஹிரோஷிமால 1945ல குண்டு விழுந்தப்ப அவளுக்கு ரெண்டு வயசு, அப்புறம் ரத்தப் புற்றுநோய் வந்து 1955ல 12 வயசுல போயிட்டா. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு மருந்து சுத்தி வந்த தாள்ல கூட மடிச்சிருக்கா. அவள நெனச்சு எழுப்பின பிள்ளைகள் நினைவுச் சின்னம் 1958ல தொறந்தாங்க, இன்னிக்கும் உலகம் முழுக்க இருந்து அங்க கொக்கு வந்துக்கிட்டே இருக்கு. அந்தப் பொண்ணு கணக்க முடிக்கணும்னு மடிச்சாளோ என்னவோ, நம்ம பிள்ளைங்கள டார்கெட் வெச்சு வெரட்ட எனக்கு மனசு வரல.

நீங்க வேணா இப்படிப் பண்ணிப் பாருங்க. போற ஊருல கெடைக்கிற தாள்லயே மடிங்க, நோட்டீஸ், பேப்பர் பை, உபயோகிச்ச மேப், சதுரமா கிழிச்சுக்கிட்டா போதும். ஒவ்வொரு கொக்கோட றெக்கைக்கு அடில தேதியும் எடமும். பத்து நாள்ல நாப்பது வந்தா நாப்பது. மீதி தொள்ளாயிரத்து அறுபது அடுத்தடுத்த ட்ரிப்புக்கு இருக்கட்டும், பிள்ளைங்க கல்யாணம் வரைக்கும் போகட்டுமே.

கேள்வி: எனக்கு வயசு 63. ரிட்டயர் ஆனதும் ஓரிகாமி ஆரம்பிச்சேன், புள்ள வீட்டுக்கு போறப்பல்லாம் பேரனுக்கு செஞ்சு குடுப்பேன். இப்ப விரல் வலிக்குது, மடிப்ப அழுத்த முடியல. விட்டுடலாமா?

பதில்: விடாதீங்கம்மா. 15 சென்டிமீட்டர விட்டுட்டு 25க்கு மாறுங்க, தாள் மெலிசா இருக்கட்டும், நுனி விரலால கிள்ளாம ஸ்பூன் முதுகால தேய்ங்க. ஒரே மூச்சா உக்காராம பத்துப் பத்து நிமிஷமா. வலி விடாம இருந்தா டாக்டர்கிட்ட காமிச்சுடுங்க, அத மட்டும் தள்ளிப் போடாதீங்க. அகிரா யோஷிசவானு ஒரு ஜப்பான்காரர், 1911ல பொறந்து 2005 வரைக்கும் இருந்தவர், இன்னிக்கு ஓரிகாமி படத்துல நாம பாக்கற புள்ளிக் கோடு, அம்புக்குறி முறையெல்லாம் அவர்கிட்ட இருந்து வந்ததுதான். தாள லேசா ஈரப்படுத்தி மடிக்கிற முறையையும் அவர்தான் கொண்டு வந்தார், கொஞ்சம் கெட்டித் தாள் கூட அப்ப சொன்ன பேச்சு கேக்கும், கூர் மடிப்பே வேண்டாம், வளைச்சு விட்டா யானை முதுகு மாதிரி உருண்டு நிக்கும். ஒங்க விரலுக்கு அது சரியா வரும்னு தோணுது.

கேள்வி: மூணு ட்ரிப்போட பிரோஷர், டிக்கெட், இலை, நியூஸ்பேப்பர் துண்டு எல்லாம் ஒரு டப்பால கெடக்கு. ஆல்பம் பண்ணணும் பண்ணணும்னு பாக்குறப்பல்லாம் குத்துது. எங்க ஆரம்பிக்க?

பதில்: பாதிய தூக்கிப் போடுறதுல ஆரம்பிங்க. என் கணக்கு ட்ரிப்புக்கு 12 துண்டு, அதுக்கு மேல வெச்சா ஆல்பம் முடியாது. வீட்டுல இருக்கறவங்கள கூப்ட்டு டப்பாவ தரைல கொட்டி, ஆளுக்கு மூணு எடுக்கச் சொல்லுங்க, நீங்க பொக்கிஷம்னு நெனச்சத ஒருத்தரும் தொட மாட்டாங்க, பொண்ணு போயி ஒரு சாதா பஸ் டிக்கெட்ட எடுத்து அதுக்கு ஒரு கதை சொல்லுவா. அந்தக் கதைய அங்கயே எழுதிக்கோங்க. நியூஸ்பேப்பர் துண்ட நேரா ஒட்டாதீங்க, அதுல லிக்னின்னு மரத்துல இருந்து வர்ற ஒரு பொருள் ஜாஸ்தி, மஞ்சளாகி நொறுங்கும், பக்கத்துல இருக்கறதையும் கெடுக்கும், நகல் எடுத்து ஒட்டுங்க. கீழ ஆசிட்-ஃப்ரீ, அதாவது அமிலம் இல்லாத தாள் போடுங்க. பெரிய ஆல்பம் வேண்டாம், நீளத் தாள விசிறி மடிப்பா மடிச்சு ரெண்டு பக்கமும் அட்டை ஒட்டினா போதும், ஒரு சாயங்காலத்துல முடியும். அடுத்த ட்ரிப்புல இருந்து டப்பா கிடையாது, ஒரு ட்ரிப்புக்கு ஒரு கவர், கவர் ரொம்பினா எத எடுத்துட்டு எத வைக்கிறதுன்னு அங்கயே முடிவு.

கேள்வி: மூணு நாள் ஒக்காந்து பெரிய தாள்ல மடிச்ச கொக்க, நான் அசந்த நேரத்துல என் மூணு வயசுப் பையன் வாளித் தண்ணில போட்டுட்டான் அக்கா. மனசே ஆறல.

பதில்: கொக்கு தண்ணிலதானே நிக்கும், அவன் சரியாத்தான் செஞ்சிருக்கான்.